அத்தியாயம் 6: நாள் தள்ளிப்போகும் வயது

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் பக்கத்து வீடுகளில் சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டருக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பௌர்ணமி என்றைக்கு, கிரிவலத்துக்கு நேரம் எப்போது தொடங்குகிறது, பால் அரை லிட்டர் கூடுதலாக வாங்கிய நாள், சிலிண்டர் மாற்றிய நாள், குழுக் கடன் தவணை எல்லாம் அதில்தான் ஏறும். நாற்பதைத் தாண்டிய பெண் அதே காலண்டரில் இன்னும் கொஞ்சம் கிறுக்கப் பழக வேண்டும். மாதவிலக்கு இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வட்டம். அதிகமாகப் போன நாள் என்றால் வட்டத்துக்குக் கீழே ஒரு கோடு. இரவில் வேர்த்து விழித்த நாளுக்கு ஒரு புள்ளி. வீட்டில் மற்றவர்களுக்குப் புரியாது. புரிந்தாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது.

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு உள்ளே போனதும் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?” என்பதுதான். “போன அமாவாசைக்கு முன்னாடி... இல்ல, பொங்கலுக்கு அப்புறம்னு நினைக்கிறேன் சிஸ்டர்” என்று பதில் வரும். இந்த வயதில் டாக்டர் எடுக்கும் முடிவுகளில் பலவும் அந்தத் தேதியையும் இடைவெளியையும் வைத்தே எடுக்கப்படுகின்றன. காலண்டரை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

மாதவிலக்கு ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் சுரப்பு ஒரு மாதம் ஏறி, ஒரு மாதம் இறங்கித் தடுமாறுகிறது. அதனால் முதலில் 28 நாள் என்பது 22 ஆகும், பிறகு 40 ஆகும், பிறகு இரண்டு மாதம் காணாமல் போய்த் திடீரென்று வரும். இந்தத் தடுமாற்றம் சில வருடங்கள் நீடிக்கலாம். கடைசியாகப் பட்ட நாளிலிருந்து முழுதாக 12 மாதம் எதுவும் வராமல் இருந்தால்தான் ‘நின்றுவிட்டது’ என்று மருத்துவம் ஒப்புக்கொள்ளும். பதினோராவது மாதத்தில் வந்துவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மேலை நாடுகளில் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47 அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே 42 வயதில் நாள் தவறுவது அதிசயம் இல்லை. ஆனால் 40 வயதுக்கு முன்பே நின்றால் அது வேறு விஷயம். அதைப் பரிசோதித்தே ஆக வேண்டும். எலும்பையும் இதயத்தையும் காக்க, இயல்பாக நிற்கும் வயது வரைக்கும் ஹார்மோன் மருந்து தேவைப்படும். 40-க்கும் 45-க்கும் நடுவில் நிற்பவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இந்த அத்தியாயம் முழுவதும் இரண்டு தவறுகளோடுதான் மல்லுக்கட்டப் போகிறது. வருகிற எல்லாவற்றையும் ‘நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்’ என்று தள்ளிவிடுவது ஒன்று. எல்லாவற்றுக்கும் கர்ப்பப்பையே காரணம் என்று அதை எடுத்துப் போட்டுவிடுவது மற்றொன்று.

குப்பென்று வேர்ப்பது

நெஞ்சில் தொடங்கி கழுத்து, முகம், காது மடல் வரைக்கும் ஒரு சூடு ஏறும். முகம் சிவக்கும். படபடவென்று அடித்துக்கொள்ளும். வேர்த்து ஊற்றும். ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் அடங்கி, அதன் பிறகு லேசாகக் குளிரும். இதுதான் இந்தக் காலத்தின் அடையாளமான தொல்லை. மூளையில் உடல் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ரொம்பவும் நுணுக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. உடம்பு கடுகளவு சூடானாலும் ‘குளிர்வி’ என்று உத்தரவு போடுகிறது. தோலுக்கு ரத்தம் பாய்வதும் வேர்ப்பதும் அந்த உத்தரவின் வேலை. உடம்பில் பித்தம் ஏறியதாலோ, நேற்று சாப்பிட்ட கத்தரிக்காயாலோ வருவதில்லை.

மலை முழுக்கப் பாறையாக நிற்கும் ஊர் இது. கத்திரி வெயிலில் பகல் முழுக்கச் சூடேறிய சுவரும் கூரையும் ராத்திரி பத்து மணிக்கும் ஆறுவதில்லை. ஷீட் கூரை போட்ட வீட்டில் படுப்பவருக்கு வேர்வை வெயிலாலா, வயதாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஒரு வழி உண்டு: வெயில் வேர்வை அறையில் இருக்கும் எல்லோருக்கும் வரும், மின்விசிறிக்குக் கீழே குறையும். இது உங்களுக்கு மட்டும் அலை அலையாக வரும், மார்கழிப் பனியிலும் வரும்.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன. சின்தெடிக் சேலையையும் பாலியஸ்டர் நைட்டியையும் ஒதுக்கிவிட்டுப் பருத்திக்கு மாறுங்கள். கொதிக்கக் கொதிக்கக் காபி, காரக் குழம்பு, வெற்றிலையோடு புகையிலை ஆகியவற்றில் எது உங்களுக்குத் தூண்டிவிடுகிறது என்று காலண்டர் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் எல்லாமும் தூண்டுவதில்லை. ஆகவே ஊரார் சொன்னார்கள் என்று காபியைத் துறந்து தலைவலியை வாங்கிக்கொள்ள வேண்டாம். புகையிலையை மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் விட்டுவிடலாம். அடுப்பு வேலையை வெயில் ஏறுவதற்கு முன்பே முடிப்பது, தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரும் ஈரத்துண்டும் வைத்துக்கொள்வது, உடல் எடை கூடியிருந்தால் குறைப்பது எல்லாம் ஓரளவுக்கு உதவும். ஓரளவுக்குத்தான். கலெக்டர் ஆபீஸில் ஃபைலோடு அதிகாரி முன்னால் நிற்கும்போது முகம் சிவந்து வேர்த்து ஊற்றும் பெண்ணுக்கு ஈரத்துண்டைப் பரிந்துரைத்துவிட்டு நகர்ந்துகொள்வது நியாயமில்லை. இந்தத் தொல்லை சராசரியாக ஏழு வருடம் வரைக்கும் இழுக்கக்கூடியது. தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்கு இருந்தால் மருந்து இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அதற்கு முன், வேர்வை என்ற பெயரில் வரும் வேறு ஆட்களை அடையாளம் காண வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் பசியோடு, கை நடுக்கத்தோடு வேர்த்தால் அது ரத்தத்தில் சர்க்கரை இறங்கிய வேர்வையாக இருக்கலாம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிறகு மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, கை நடுங்கி, எந்நேரமும் படபடப்பாக இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். ராத்திரி வேர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும், சாயந்திரம் காய்ச்சலும், எடைக் குறைவும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை. காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். நெஞ்சு பாரம், தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, மூச்சு வாங்கல், குளிர்ந்த வேர்வை என்றால் காலண்டரைத் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் இறங்கிய பிறகு பெண்களின் கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. மாரடைப்பு ஆம்பளைகளின் நோய் என்ற நினைப்பு, ‘வாயுதான், ஓமத் தண்ணி குடி’ என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

பெரும்பாடும் துளிப் பாடும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நாள் தள்ளிப்போவதும், சில மாதம் குறைவாகப் போவதும் இயல்பு. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது இயல்பு இல்லை. ஒரு ரூபாய் காசை விடப் பெரிய கட்டிகள் விழுவதும், ஏழு நாளுக்கு மேல் இழுப்பதும், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் படுவதும், உறவுக்குப் பிறகு படுவதும் அப்படித்தான். ‘நிக்கிறதுக்கு முன்னாடி கொட்டிட்டுத்தான் நிக்கும்’ என்று ஆயா காலத்திலிருந்து ஒரு சொல் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் இரண்டு வருடம் கொட்டவிட்டு, மாடிப்படி ஏற முடியாமல், நாக்கு வெளுத்து, ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கிய பிறகு வரும் பெண்களை எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதன் மேல் பெரும்பாடும் சேர்ந்தால் உடம்பு எங்கே தாங்கும்? அசதி, எரிச்சல், மறதி, படபடப்பு என்று ‘நிக்கிற வயசு’க் கணக்கில் எழுதப்படும் பலவும் ரத்தம் ஏறினால் காணாமல் போய்விடும்.

பன்னிரண்டு மாதம் முடிந்து, முழுதாக நின்றுவிட்ட பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். இளஞ்சிவப்பாக உள்ளாடையில் ஒரு கறை தெரிந்தாலும் சரி, ஒரே ஒரு நாள் பட்டு நின்றாலும் சரி. ‘மறுபடி வந்துடுச்சு, இன்னும் வயசாகல போல’ என்று சிரித்துக்கொண்டு விடக் கூடாத விஷயம் இது. இப்படி வருகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குப் புற்று இருப்பதில்லை. உள்சதை மெலிந்து போயிருக்கும், அல்லது சின்னச் சதை வளர்ச்சி இருக்கும். மீதி ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்று இருந்தால், அதை ஆரம்பத்திலேயே பிடித்துக் கொடுப்பது அந்த ஒரு சொட்டுதான். சர்க்கரை நோயும் உடல் பருமனும் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்வரித் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. அதைத் தாண்டினால் துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தடிமன் குறைவாகவே இருந்தும் திரும்பத் திரும்பப் பட்டால் அப்போதும் சதைப் பரிசோதனை தேவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான சோதனை தனி. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். மாதவிலக்கு நின்றுவிட்டது என்பதால் அதை நிறுத்திவிடக் கூடாது.

தள்ளிப்போடும் மாத்திரை

இது திருவண்ணாமலைக்கே உரிய சிக்கல் என்று சொல்ல மாட்டேன். கோயில் இருக்கும் ஊரில் எல்லாம் உண்டு. ஆனால் மாதா மாதம் பௌர்ணமி கிரிவலமும், கார்த்திகையில் பத்து நாள் தீபத் திருவிழாவும் நடக்கும் ஊரில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கிறது. தீபத்துக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். வீட்டில் பூஜை. அந்த நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மெடிக்கலுக்கு ஆளனுப்பி, சீட்டு இல்லாமலே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது. சில வீடுகளில் பக்கத்து வீட்டு அக்கா போட்டது போக மீதி நாலு மாத்திரையே கை மாறும்.

அந்த மாத்திரையின் பெயர் நாரெத்திஸ்டெரோன். வழக்கமாக, எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி, விசேஷம் முடியும் வரை போடுவார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வரும். 25 வயதில், ஒழுங்காக 28 நாளுக்கு ஒருமுறை வரும் பெண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதில் பெரிய குறை சொல்வதற்கில்லை. 46 வயதில் ‘எதிர்பார்க்கும் நாள்’ என்று ஒன்று ஏது? குத்துமதிப்பாகத் தொடங்கினால் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே திட்டுத் திட்டாகப் படும். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. இந்த மாத்திரையில் ஒரு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. இந்த அளவில் போடும்போது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைவதற்கான வாய்ப்பு கூடுகிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கால் நரம்புச் சுருட்டல், கண்ணில் பூச்சி பறந்து வரும் ஒற்றைத் தலைவலி, ஈரல் கோளாறு, வீட்டில் யாருக்காவது பக்கவாதமோ ரத்த உறைவோ வந்த சரித்திரம், இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். மாத்திரை போட்ட நாட்களில் காலண்டரில் ‘மா’ என்று எழுதுங்கள். மாத்திரையை நிறுத்தியதும் படுவது மருந்தால் வந்தது. அதை மாதவிலக்கு என்று எண்ணினால் 12 மாதக் கணக்கே தப்பாகிவிடும்.

மாதவிலக்கோடு கிரிவலம் போகலாமா என்பது அவரவர் மனசும் வீட்டு வழக்கமும் சார்ந்தது. அந்தப் பஞ்சாயத்துக்கு இந்தப் புத்தகத்தில் இடமில்லை. பக்கத்தில் மேல்மருவத்தூரில் அதைத் தடையாகவே பார்ப்பதில்லை. சபரிமலையில் 10 முதல் 50 வயது வரை என்று இருந்த கட்டுப்பாட்டை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனாலும் ‘நின்ன பிறகு மாலை போட்டுக்கலாம்’ என்று காத்திருக்கும் பெண்கள் இங்கே நிறையப் பேர். அப்படிக் கிளம்புகிறவர்கள் 12 மாதம் முடியாமல் இருந்தால் பையில் நாலு நாப்கின் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வேங்கிக்கால்காரர்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. மகா தீபம் நம் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். மலை அடுத்த பௌர்ணமிக்கும் அங்கேதான் இருக்கப்போகிறது.

எடுத்துடலாமா?

‘குழந்தை பெத்தாச்சு, ஆபரேஷனும் பண்ணியாச்சு, இனிமே அது எதுக்கு? எடுத்துட்டா கேன்சர் பயமும் இல்ல’ என்று சொல்லாத ஊர் இல்லை. சொல்பவர் சில சமயம் வெள்ளைக் கோட்டும் போட்டிருப்பார். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிலக்கு நாளில் வேலை கெட்டுக் கூலி போகிறது என்று இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் வெளியே வந்து நாடே பேசியது. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் நடந்தவற்றைச் சுட்டிக்காட்டிப் போடப்பட்ட பொதுநல வழக்கு ஒன்றும் வெகுகாலமாக நடந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை அறுவையைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போளூர், செய்யாறு பக்கம் கரும்புக் கழனியில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் இது தூரத்துக் கதை இல்லை.

எடுக்கவே கூடாது என்பது என் வாதம் அல்ல. புற்று, மருந்துக்கு அடங்காத பெரும்பாடு, முற்றிய கர்ப்பப்பை இறக்கம் ஆகியவற்றுக்கு அறுவைதான் நல்ல வழியாக இருக்கும். நாள் குறித்துக் கொடுக்கும் முன் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: சதைப் பரிசோதனை முடிவு என்ன வந்தது? போக்கைக் குறைக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்றா? கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காப்பர்-டி மாதிரியான சாதனம் எனக்கு ஒத்துவருமா? நார்க்கட்டி என்றால், மாதவிலக்கு நின்றதும் அது தானே சுருங்குமே, அதுவரை தள்ள முடியாதா? சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. சினைப்பை இரண்டும் போனால் ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே உடம்பு மாதவிலக்கு நின்ற நிலைக்குத் தள்ளப்படும். சில வருடங்களில் மெதுவாக வர வேண்டிய சூடும் வேர்வையும் தூக்கமின்மையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். எலும்புத் தேய்மானமும் முன்கூட்டியே தொடங்கும்.

ஏற்கெனவே எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று யாரிடமாவது படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வட்டம் போட எதுவும் இல்லை. புள்ளிகளை மட்டும் குறியுங்கள்.

வெளியே சொல்லாதவை

உறவின்போது எரிச்சல், வலி. சிறுநீர் அடிக்கடி கடுப்பது. தும்மினால், சிரித்தால், குடம் தூக்கினால் சொட்டுவது. சூடும் வேர்வையும் சில வருடத்தில் தணியும். இவை கவனிக்காமல் விட்டால் வருடம் ஆக ஆகக் கூடத்தான் செய்யும். எரிச்சலுக்கும் கடுப்புக்கும், ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த இடத்துத் தோல் மெலிந்து வறள்வதுதான் முக்கியக் காரணம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது வறட்சியைக் கூட்டும். வெறும் தண்ணீர் போதும். உறவின்போது பயன்படுத்த நீர்த்தன்மையுள்ள வழவழப்பு ஜெல் மெடிக்கலில் கிடைக்கும். ஆணுறை போடுபவர்கள் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும், எண்ணெய் பட்டால் உறை கிழியும். ஜெல் போதாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. உடம்புக்குள் மிகக் குறைவாகவே போவதால் பலருக்குப் பாதுகாப்பானது. மார்பகப் புற்று வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் டாக்டரைக் கேட்டுவிட்டே தொட வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாதவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 50 வயதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிலக்கிலிருந்து ஒரு வருடம், அதற்குக் கீழே என்றால் இரண்டு வருடம் வரைக்கும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு.

சொட்டுவதற்கு உடற்பயிற்சியே முதல் மருந்து. சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவது மாதிரி உள்ளுக்குள் சுருக்கி மேலே இழுங்கள். வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை விடுங்கள். பத்து முறை செய்தால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ரேஷன் கடை வரிசையிலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். மூன்றாம் வாரத்தில் ‘ஒண்ணும் பிரயோஜனம் இல்ல’ என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

எலும்பும் பதினாலு கிலோமீட்டரும்

மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து, ஏழு வருடத்தில் எலும்பின் அடர்த்தியில் இருபது சதவீதம் வரைக்கும் போய்விடலாம். வலி எதுவும் இருக்காது. பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றும்போது மணிக்கட்டு உடைவதுதான் முதல் செய்தியாக வரும். நின்ற பிறகு ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 அளவுக்கு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் மட்டும் ஊற்றும் கூழை வருடம் முழுக்க வீட்டிலும் ஊற்றலாம். எள் உருண்டை, முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு எல்லாமே கை கொடுக்கும். அமாவாசைக்குப் பசுவுக்கு வாங்கும் அகத்திக்கீரையில் ஒரு பிடியை நமக்கும் எடுத்து வைத்தால் பசு கோபித்துக்கொள்ளாது. மாத்திரையாகச் சாப்பிடுபவர்கள் கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்க வேண்டாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

எலும்புக்குச் சுமை வேண்டும். நடை அந்தச் சுமையைத் தரும், கிரிவலப் பாதை நம் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் மாதம் ஒருமுறை 14 கிலோமீட்டரை ஒரே மூச்சில் நடந்துவிட்டு நாலு நாள் மூட்டைப் பிடித்துக்கொண்டு படுப்பதை விட, தினமும் அரை மணி நேரம் நடப்பதுதான் எலும்புக்குத் தெரியும். அதோடு நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். விழாமல் காப்பது தொடைத் தசைதான். சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலில் சூட்டுத் தார் ரோட்டில் நடக்கக் கூடாது, கொப்புளம் வந்ததே தெரியாது. சாயந்திரம் கிளம்புங்கள், முடிந்ததும் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கம், எரிச்சல், அழுகை

ராத்திரி நாலு முறை வேர்த்து விழிப்பவர் காலையில் சிடுசிடுப்பதற்கு மனோதத்துவம் தேவையில்லை. வேர்வையைக் கவனித்தால் பாதி சரியாகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், காரணமின்றி அழுகை வந்து, வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைதூக்கினால் அதை வயதின் மேல் போடாதீர்கள். பிள்ளை பெற்றபோது மனச்சோர்வு வந்தவர்களுக்கு இப்போது திரும்ப வரக்கூடும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

மருந்து

ஹார்மோன் மருந்து என்றதும் ‘கேன்சர் வரும்’ என்று பயப்படுவதற்குக் காரணம் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வு. மார்பகப் புற்றும் ரத்த உறைவும் சற்றே கூடியது உண்மைதான். ஆனால் அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் இருப்பவருக்கும் 60 வயதைத் தாண்டாதவருக்கும், தொல்லை கடுமையாக இருந்தால், நன்மையே மேலோங்கும் என்பதுதான் இன்றைய மருத்துவர்களின் நிலைப்பாடு. வேர்வைக்கு இதை விடப் பலமான மருந்து கிடையாது. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்தே தர வேண்டும். தனியாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்தால் கர்ப்பப்பையில் புற்று வளர வழி செய்யும். மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், ரத்த உறைவு, ஈரல் நோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது கூடாது. அவர்களுக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற ஹார்மோன் இல்லாத மருந்துகளால் ஓரளவு நிவாரணம் கிடைக்கும். முதலாவது மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து. சீட்டில் அதைப் பார்த்துவிட்டு ‘என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க’ என்று கிழித்துப் போட வேண்டாம்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, சோற்றுக் கற்றாழை லேகியம் என்று போக விரும்புவோர் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவிலேயே கேளுங்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கிரிவலப் பாதையோரம் துணி விரித்து விற்கும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

போக வேண்டிய இடம், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றை அங்கே பார்த்துவிடுவார்கள். ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் வேண்டுமென்றால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காலண்டர் போட்டோ, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பழைய ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றையும் கொண்டுபோங்கள். ஹார்மோன் மருந்து தொடங்கினால் மூன்று மாதத்தில் மறுபடி போய்க் காட்ட வேண்டும். தொடங்கிய முதல் சில மாதங்களில் லேசாகப் படுவது உண்டு. ஆறு மாதம் தாண்டியும் பட்டாலோ, நின்றிருந்து புதிதாகப் பட்டாலோ அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள்.